காருக்குப் புதுப்பொலிவு... வீட்டுக்கு வேண்டும் காப்பு!

பழைய பீரோ மங்கிப் போனால் ஆளைக் கூப்பிட்டு டூக்கோ பெயிண்ட் அடிக்கச் சொல்லுவோம். ஜன்னல் கம்பிக்கு நாமே பிரஷ் எடுத்து அடித்து விடுவோம். ஆனால் வாசலில் நிற்கும் காரின் பம்பர் பட்டையும் கண்ணாடி மூடியும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடந்தால்? "அதெல்லாம் பட்டறைக்காரர் வேலை" என்று ஒதுங்கி விடுகிறோம். பட்டறையில் சொல்லுகிற கூலியைக் கேட்டதும், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அதையும் ஒத்திப் போட்டு விடுகிறோம்.

சகோதரிகளே! இந்த வேலையை வீட்டிலேயே, அழகாகவே செய்ய முடியும். நானே செய்திருக்கிறேன். பெரிய பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பொறுமைதான் வேண்டும். அதோடு கூட இன்னொன்றும் வேண்டும்: எந்த வேலையை வீட்டில் செய்யலாம், எதை வீட்டு வாசலுக்குள்ளேயே விடக் கூடாது என்கிற விவரம். அந்த விவரம் தெரியாமல் ஸ்பிரே டப்பாவைக் கையில் எடுக்கக் கூடாது. முக்கியமாக, வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால்!

எங்கள் ஊர் அண்ணனூர்

ஊர் பேரைச் சொன்னால், "மின்சார ரயில் கார் ஷெட் இருக்குமே, அந்த அண்ணனூரா?" என்று கேட்பார்கள். அதேதான். சென்டிரலிலிருந்து திருவள்ளூர் ரயிலில் வந்தால் அம்பத்தூர், திருமுல்லைவாயில் தாண்டி, ஆவடிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால். ஒரு பக்கம் 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் 1965-ல் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே விட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. நடுவில் நாங்கள். ஆகையால் லேத், வெல்டிங், பெயிண்டிங் என்று ஏதாவது ஒரு வேலை தெரிந்தவர் இல்லாத தெருவே எங்கள் பக்கத்தில் இல்லை என்று சொல்லலாம்.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பெயிண்டிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை தேர்ந்த ஸ்பிரே பெயிண்டர். ஆனால் அந்தக் காலத்தில் மூக்குக்குக் காப்பு என்றால் நாலாக மடித்த கைக்குட்டை, அவ்வளவுதான். இன்றைக்கு மொட்டை மாடிப் படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போவார். அவரைப் பார்த்த டாக்டர், "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்கும் முன்பே, "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு மறக்கவே இல்லை. இந்தக் கட்டுரையில் வருகிற கைப்பக்குவம் எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. எச்சரிக்கைகளில் பாதி, அவர் மூச்சு சொல்லிக் கொடுத்தது.

தொண்டைக்கு வந்த ஸ்பிரே!

ஸ்பிரே பெயிண்டுக்கு ஒரு சுவையான பூர்வ கதை உண்டு. அமெரிக்காவில் டொலீடோ என்ற ஊரில் ஆலன் டிவில்பிஸ் என்று ஒரு டாக்டர். நோயாளிகளின் தொண்டையில் மருந்தைப் பனி மாதிரித் தெளிக்க 1880-களில் ஒரு சிறு கருவி செய்தார். அவருடைய பிள்ளை தாமஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே தத்துவத்தைப் பெயிண்டுக்குக் கொண்டு வந்தார். ஸ்பிரே கன் பிறந்தது. அதுவரை காருக்கு பிரஷ்ஷால்தான் வர்ணம் பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து, தேய்த்து, மறுபடி பூசி, ஒரு கார் முடிய வாரக் கணக்கில் ஆகும். 1920-களில் சீக்கிரம் காயும் 'டூக்கோ' என்ற பெயிண்ட் வந்து அந்தக் காத்திருப்பை முடித்து வைத்தது. இன்று நம் வீட்டு பீரோவுக்குச் சொல்கிறோமே, அந்த டூக்கோதான்.

கையில் பிடித்து அழுத்துகிற டப்பா வந்தது 1949-ல். எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி, தன்னுடைய அலுமினிய வர்ணத்தை வாடிக்கையாளர்களுக்குச் சுலபமாக அடித்துக் காட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். "வாசனை தெளிக்கிற டப்பா மாதிரி பெயிண்டையும் டப்பாவில் அடைத்தால் என்ன?" என்று யோசனை சொன்னது அவர் மனைவி பானி! ஒரு குடும்பத் தலைவியின் யோசனையில் பிறந்த சாமானை நாம் கையாளக் கூடாதா என்ன?

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

முதலில் சுலபமான சாமானாக எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடி, பக்கக் கண்ணாடியின் மூடி, முன்பக்க கிரில், கதவோரப் பட்டை இவை போதும். எல்லாமே கழற்றக் கூடியவை. கழற்றி எடுத்துத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். வண்டியிலேயே வைத்து அடித்தால் கண்ணாடி, டயர், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'அபிஷேகம்' ஆகிவிடும்.

கழற்றும்போது பலாத்காரம் கூடாது. பழைய பிளாஸ்டிக்கின் கொக்கிகள் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி இருக்கும். எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்தது என்று ஒரு முட்டை அட்டையில் குழிக்குக் குழி போட்டு எழுதி வைத்துவிட்டால் பிறகு தேட வேண்டாம்.

ஸ்டியரிங் நடுவிலும் டாஷ்போர்டிலும் காற்றுப்பை உள்ள மூடிகள், சீட் பெல்ட் சாமான்கள், விளக்குக் கண்ணாடி, பிரேக் சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டவே வேண்டாம். இவை உயிர் காக்கிற சாமான்கள். அழகுக்காகத் தொடக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். முதல் முயற்சிக்கு, ஏற்கெனவே பெயிண்ட் அடிக்காத வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்கையே எடுங்கள். பழைய பெயிண்ட் உள்ள சாமானை வீட்டில் தேய்க்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்லுகிறேன்.

பாத்திரம் தேய்க்கத் தெரிந்தால் போதும்

"பெயிண்ட் அடிக்கிறது அஞ்சு நிமிஷம், அதுக்கு முன்னாடி இருக்கிறதுதான் வேலை" என்பார் இவர். முழு உண்மை. பெயிண்ட் உரிந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயிண்ட் இல்லை. அடியில் தங்கிய அழுக்கும் எண்ணெயும்தான்.

பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். சீயக்காய்த் தூள் வேண்டாம், இடுக்கில் துகள் தங்கிவிடும். கழுவின பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலை மாதிரி முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ, டாஷ்போர்டு பாலிஷோ இன்னும் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்; மறுபடி கழுவுங்கள். அந்தப் பாலிஷில் இருக்கிற சிலிக்கோன் பொல்லாதது. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

நன்றாகக் காய்ந்ததும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து ஒரு தடவை துடையுங்கள். தின்னரால் துடைக்கக் கூடாது, சில பிளாஸ்டிக் இளகிப் போய்விடும். அதற்குப் பிறகு வெறும் கையால் தொடவே கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவின கை பட்டால் அவ்வளவுதான், விரல் ரேகை அப்படியே பெயிண்டுக்கு அடியில் பதிந்து நிற்கும். மருந்துக் கடையில் விற்கும் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேய்ப்பு. ஹார்டுவேர் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற கறுப்பு உப்புத்தாள். எண் கூடக்கூட நைசாகும். ரவை, மாவு மாதிரி. முதலில் 400, பிறகு 600. பளபளப்பு முழுக்கப் போய், கரும்பலகை மாதிரி மங்கலாக வந்தால் பதம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. தேய்த்த சேற்றை ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். காய விட்டுப் பெருக்கக் கூடாது. அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் எறிந்து விடுங்கள்.

பிளாஸ்டிக்குக்கும் ஜாதகம் உண்டு

சாமானைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஏபிஎஸ்' என்றோ 'பிபி' என்றோ அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால் கவலையில்லை. தேய்த்து பிரைமர் அடித்தால் பிடித்துக்கொள்ளும். பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். நம் வீட்டுத் தயிர் டப்பா, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் பெரும்பாலும் இதுதான். எதுவும் இதில் எளிதாக ஒட்டாது. நாற்காலியில் ஒட்டிய ஸ்டிக்கர் தானாகவே கழன்று வருவதைப் பார்த்திருப்பீர்களே! பம்பரும் பட்டைகளும் அநேகமாக இந்த வகை. இதற்கென்று 'பிளாஸ்டிக் பிரைமர்' தனியாக விற்கிறது. முதலில் அதை அடித்து, அதன் மேல்தான் மற்றது. இதை விட்டுவிட்டு நேரே பெயிண்ட் அடித்தால் முதல் மழையிலேயே பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வரும்.

பிரைமர், வர்ணம், மேலே பளபளப்புக்கு கிளியர் என்று மூன்றையும் ஒரே தயாரிப்பாளருடையதாக வாங்குவது நல்லது. வேறு வேறாகக் கலந்தால் ஒன்று இன்னொன்றைச் சுருங்க வைத்துவிடும்.

நாள் பார்த்து, நேரம் பார்த்து...

பெயிண்டுக்கும் நல்ல நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் இல்லை, வானத்தில்! மண் பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால். பெயிண்டில் உள்ள கரைப்பானும் அப்படித்தான். ஆவியாகும்போது சாமானைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பனித்துளி படிந்து, பெயிண்ட் பால் தெளித்தாற்போல் வெளுத்துப் போகும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இந்த வேலை வேண்டாம். ஆடிக் காற்றும் ஆகாது, தெருத் தூசி முழுக்க பெயிண்டில்தான் உட்காரும். தை, மாசியில், காலைப் பனி விலகின பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால் உள்ள நேரம்தான் எங்கள் பக்கத்துக்கு ஏற்ற முகூர்த்தம். உச்சி வெயிலில் அடித்தால் மேல் தோல் மட்டும் காய்ந்து உள்ளே கொப்புளம் வரும்.

ஒரு சாண் தூரம்

டப்பாவை இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். உள்ளே ஒரு குண்டு உருளுகிற சத்தம் கேட்கும். முதலில் ஒரு அட்டைப் பெட்டியில் அடித்துக் கை பழகுங்கள். சாமானைக் கம்பியில் கட்டித் தொங்க விட்டால் எல்லாப் பக்கமும் எட்டும்.

டப்பாவுக்கும் சாமானுக்கும் ஒரு சாண் தூரம் இருக்கட்டும். சாமானுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, குறுக்கே நேராகக் கொண்டு போய், மறுபக்கம் வெளியே வந்த பிறகு விரலை எடுங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல் முழுக் கையும் நகர வேண்டும். அடுத்த கோடு, முன் கோட்டின் பாதியை மூடட்டும். முதல் பூச்சு கோலமாவு தூவினது போல் லேசாக இருந்தால் போதும். அடியில் கறுப்பு தெரிந்தால் தெரியட்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு அடுத்த பூச்சு. அப்படி மூன்று மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால் கண்ணீர் வடிந்த மாதிரி ஒழுகி நிற்கும். ஒழுகிவிட்டால் துடைக்காதீர்கள். காய்ந்ததும் 800 பேப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி அடிக்கலாம்.

தொட்டால் ஒட்டாத பதம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் கெட்டிப்பட ஒரு வாரம் ஆகும். அதுவரை சோப்புத் தண்ணீர் படக் கூடாது. இப்படிச் செய்த எங்கள் பழைய மாருதி 800-இன் கண்ணாடி மூடிகள், இரண்டு மழைக் காலம் தாண்டியும் பளிச்சென்று இருக்கின்றன.

வளைகாப்புப் பெண் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். நாங்கள் செய்ததைப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

"அம்மா, அவரு பட்டறையிலேருந்து வீல் கேப் எல்லாம் வாங்கிட்டு வரேங்கிறாரு. வீட்லயே அடிச்சுக் குடுத்தா பீஸுக்கு இவ்வளவுன்னு காசு தராங்களாம். பின்னாடி ரூமு சும்மாதானே இருக்கு? ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு நானே அடிச்சிடுவேன். பிரசவச் செலவுக்கு ஆகும்ல?"

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. குடும்பத்துக்கு நாலு காசு சேர்க்க நினைப்பது நல்ல குணம்தான். நான் பதில் சொல்லுவதற்குள் இவர் மெதுவாகக் கேட்டார்: "என்ன பெயிண்டும்மா தராங்க? டப்பாவா, ரெண்டு பாட்டில் கலக்குறதா?"

"கலக்குறதுதான் சார். ஏதோ ஹார்டனராம். அதுதான் கெட்டியா நிக்குமாம்."

"அது வீட்டுக்குள்ள வரவே கூடாது, கண்ணு" என்றார். அப்படி அவர் அழுத்தமாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

ஏன் என்று உங்களுக்கும் சொல்லுகிறேன். இரண்டு பகுதியாக வந்து, ஹார்டனர் கலந்து அடிக்கிற '2கே' வகைப் பெயிண்டில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலை உலுக்கியது மீத்தைல் ஐசோசயனேட். அதுவும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் ஒரே குடும்பம். இந்தப் பெயிண்ட் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். துணி முகமூடியோ, கொரோனா காலத்தில் போட்டுக்கொண்ட முகமூடியோ இதைத் தடுக்காது. சுத்தமான காற்றைக் குழாய் மூலம் தருகிற கவசமும் தனி அறையும் உள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. டப்பாவில் வருவதிலும் 2கே உண்டு. லேபிளில் 'ஹார்டனர்', 'ஐசோசயனேட்' என்ற வார்த்தை இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சாதாரண ஸ்பிரே பெயிண்டும் பன்னீர் இல்லை. டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்களின் ஆவி தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் கொடுக்கும். தாய் சுவாசிப்பது வயிற்றுப் பிள்ளையையும் சேருகிறது. ஆகையால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் ஸ்பிரே அடிக்க வேண்டாம், அடிக்கிற இடத்தில் நிற்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமே என்றால், போதாது. இந்த ஆவி காற்றை விடக் கனமானது. ஜன்னல் வழியாகப் போய்விடாமல் தரையோடு படிந்து, அறைக்கு அறை நகர்ந்து போகும். தவழுகிற குழந்தையின் மூக்கு தரையிலிருந்து எத்தனை உயரம் என்று நினைத்துப் பாருங்கள்!

ஈயம் என்கிற மறைந்த விரோதி

பழைய பெயிண்டைத் தேய்க்காதீர்கள் என்றேனே, அதற்குக் காரணம் ஈயம். நம் நாட்டில் வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலானது. நல்ல விதி. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கு. வண்டிக்கும் ஆலைக்கும் தயாராகும் பெயிண்ட் அந்த விதியில் வராது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வர்ணங்களுக்குப் பளிச்சென்ற நிறம் தர ஈயக் குரோமேட் சேர்ப்பது வெகு நாளைய பழக்கம். பழைய காரின் சாமானைத் தேய்த்தால் அந்த ஈயம் தூளாகி, தரையில் படிந்து, குழந்தையின் கையோடு வாய்க்குப் போகும்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே அளவு ஈயம் வாய் வழியே போனாலும், பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு சின்னக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்கிறதாம். பாதிப்பது மூளை வளர்ச்சியை, படிப்பை, கவனத்தை. தாயின் எலும்பில் எப்போதோ சேர்ந்த ஈயம், கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்கு வந்து பிள்ளையையும் எட்டும். பெட்ரோலில் கலந்து வந்த ஈயத்தை நம் நாடு 2000-ஆம் ஆண்டில் முழுக்க நிறுத்தியதும் இதற்காகத்தான். வெளிப் பார்வைக்கு எந்த அடையாளமும் தெரியாது. வீட்டில் பழைய பெயிண்ட் தேய்க்கும் வேலை நடந்திருந்து, உங்களுக்குச் சந்தேகம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சாமானுக்கு முன்னால் வீட்டைத் தயார் செய்யுங்கள்

கீழ் போர்ஷன் பெண் முகம் வாடிப் போனாள். ஆனால் இவர் அவள் கணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "தம்பி, பழைய பெயிண்ட் உள்ளதை எடுக்காதே. புதுக் கறுப்பு பிளாஸ்டிக்கா குடுத்தா வாங்கு. டப்பா பெயிண்ட்தான், கலக்குறது கிடையாதுன்னு சொல்லிடு. மொட்டை மாடியில நீ அடி. பாப்பா பொறந்தும் அவ மாடிப் பக்கம் வர வேண்டாம்." அந்தத் தம்பி அப்படியே செய்கிறான். அவள் கணக்கு நோட்டும், வரவு செலவும் பார்த்துக்கொள்கிறாள். வருமானம் முதலில் நினைத்ததை விடக் குறைவுதான். இருந்தாலும் வருகிறது.

அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியல் இது. நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

• மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோதான் அடிக்க வேண்டும். அறை, சமையலறை, மாடிப்படிக்கு அடி எதுவும் ஆகாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும்.

• காயப் போட்ட வடாம், வற்றல், துணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

• பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி, அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. டப்பாவிலிருந்து பெயிண்டைத் தள்ளுகிற வாயு, பெரும்பாலும் நம் சமையல் காஸ் வகைதான். தின்னர்களில் சேருகிற அசிட்டோனின் ஆவி, பனிக்கட்டிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும்.

• அடிப்பவருக்கு, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரித் துகள் குப்பி பொருத்திய முகக் கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை தேவை. அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தையைத் தூக்குவதற்கு முன் சட்டை மாற்றி, கை முகம் கழுவ வேண்டும்.

• காய்கிற சாமானையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். வாசனை அடங்கும் வரை வெளியிலேயே, நிழலில் இருக்கட்டும்.

• டப்பாவை வெயிலிலோ, பூட்டின காருக்குள்ளோ வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கலாம். காலி டப்பாவையும் துளை போடவோ, போகிப் பண்டிகை நெருப்பில் எறியவோ கூடாது.

• தின்னரைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைக்கு அது கலர் சோடாவாகத்தான் தெரியும்.

அவசரத்துக்கு...

கிறுகிறுப்பு, நெஞ்சடைப்பு வந்தால் உடனே நல்ல காற்றுக்கு வந்து உட்காருங்கள். சரியாகாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழந்தை தின்னரையோ பெயிண்டையோ குடித்துவிட்டால், தயவு செய்து உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்! பாட்டிமார் பதற்றத்தில் செய்துவிடுவது இதைத்தான். வாந்தியோடு அந்தத் திரவம் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இன்னும் பெரிது. வாயைத் துடைத்துவிட்டு, 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போனால், என்ன குடித்தது என்று டாக்டருக்கு உடனே தெரியும்.

இவ்வளவு படித்த பிறகு, "ஐயோ, இந்த வேலையே வேண்டாம்" என்று சில சகோதரிகளுக்குத் தோன்றலாம். அப்படி நினைக்க வேண்டாம். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் தினமும்தான் நிற்கிறோம். கொதிக்கிற எண்ணெய் என்று பூரி சுடாமலா இருக்கிறோம்? குழந்தையை உள்ளே விடாமல், தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொண்டு சுடுகிறோம். இதுவும் அப்படித்தான். கைக்குழந்தை உள்ள வீடானால் ஸ்பிரே டப்பாவை வீட்டில் வேறு யாராவது பிடிக்கட்டும். நீங்கள் லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். தை பிறந்ததும் ஒரே ஒரு கண்ணாடி மூடியில் ஆரம்பித்துப் பாருங்கள்.